பிரிஜ் கதவில் ஒரு குட்டிக் கோட்டை!

விடுமுறை நாளில் பரண் ஒழிக்கும்போது எல்லா வீட்டிலும் ஒரு டப்பா கீழே இறங்கும். திறந்து பார்த்தால் உள்ளே பில்டிங் பிளாக்ஸ்! சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் கலராகக் கட்டைகள். ஆனால் பாதியைக் காணோம். வீடு கட்டினால் கூரைக்குக் கட்டை பத்தாது. லாரி செய்தால் சக்கரம் மூன்றுதான் இருக்கும். 'பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போட்டு விடலாமா?' என்று அம்மா கேட்பார்.

போட்டு விடாதீர்கள், குழந்தைகளே! பத்துப் பன்னிரண்டு கட்டைகள் மிச்சம் இருந்தாலே போதும். அவற்றின் முதுகில் காந்தம் ஒட்டி, பிரிஜ் கதவிலும் இரும்பு பீரோவிலும் நிற்க வைக்கலாம். கடையில் இட்லி, தோசை, மாம்பழ வடிவத்தில் பிரிஜ் காந்தம் விற்கிறார்கள் அல்லவா? அந்த மாம்பழம் என்றைக்கும் மாம்பழம்தான். நாம் செய்யப் போவது அப்படி அல்ல. அடிக்கட்டையில் மட்டும் காந்தம். அதன் மேல் இன்று கோட்டை, நாளை ரயில், மறுநாள் உங்கள் பெயரின் முதல் எழுத்து என்று தினம் மாற்றிக் கட்டலாம்.

செய்முறைக்குப் போகும் முன் அந்தக் கட்டை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதற்குள் ஒரு கதை இருக்கிறது.

தச்சர் செய்த வாத்து

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் இருந்தார். 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் பணத் தட்டுப்பாடு. வீடு கட்டுவோர் குறைந்தனர். தச்சருக்கு வேலை இல்லை. ஏணி, இஸ்திரிப் பலகை என்று சின்னச் சின்னச் சாமான்கள் செய்து விற்றார். 1932ல் மரப் பொம்மைகளும் செய்யத் தொடங்கினார். 1934ல் தம் பொம்மைகளுக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கிய பெயர் அது.

அந்த நிறுவனத்தார் இன்றும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஓலே கிர்க்கின் மகன் காட்ஃபிரட், அப்பாவிடம் பெருமையாக வந்து, "மர வாத்துகளுக்கு மூன்று தடவை வார்னிஷ் அடிப்பதற்குப் பதில் இரண்டு தடவைதான் அடித்தேன். காசு மிச்சம்!" என்றாராம். அப்பா பாராட்டவில்லை. "ரயில் நிலையத்துக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்து வா. மூன்றாவது பூச்சும் அடித்து, நீயே திரும்பக் கொண்டு போய்ப் போடு" என்று அனுப்பி விட்டார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வார்னிஷ் அடித்த அந்தப் பையன்தான் பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைவரானார்.

1946ல் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரம் வாங்கினார்கள். 1949ல் ஒன்றோடு ஒன்று செருகும் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவற்றுக்கு மேலே குமிழ்கள் இருந்தன. அடிப்பக்கமோ வெறும் குழி. கட்டிய வீட்டைக் கொஞ்சம் அசைத்தாலும் பொலபொலவென்று உதிர்ந்து விடும்! என்ன செய்யலாம் என்று யோசித்து, அடிக்குழிக்குள் வட்டமான குழல்களை வைத்தார்கள். குமிழ் உள்ளே நுழையும்போது ஒருபக்கம் சுவரும் மறுபக்கம் குழலும் அதை இறுகப் பிடித்துக் கொள்ளும். இந்த யோசனைக்கு 1958ம் ஆண்டு ஜனவரி 28ம் தேதி காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். எட்டுக் குமிழ் உள்ள கட்டையைத் திருப்பினால் நடுவில் மூன்று குழல்கள் தெரியும். எண்ணிப் பாருங்கள்.

ஸ்கேல் எடுத்து அளந்தும் பார்க்கலாம். ஒரு குமிழின் நடுவில் இருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். குமிழை விட்டுவிட்டுக் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். 'பிளேட்' எனப்படும் தட்டைக் கட்டையின் உயரம் 3.2 மில்லிமீட்டர். மூன்று தட்டைகளை அடுக்கினால் ஒரு கட்டை! 1958ல் செய்த கட்டையில் இன்று செய்த கட்டையைச் செருகினாலும் சரியாக உட்காரும். (உங்களிடம் இருப்பது வேறு நிறுவனத்தின் கட்டையாக இருந்தால் அளவு மாறலாம். நம் வேலைக்கு அதுவும் போதும்.)

கதவுக்குள்ளே ஒளிந்திருக்கும் காந்தம்

இனி பிரிஜ். அதன் கதவைக் கையால் லேசாகத் தள்ளினாலே கடைசியில் தானாகப் போய் 'சப்' என்று ஒட்டிக் கொள்கிறதே, ஏன்? கதவின் ஓரத்தைச் சுற்றி மெத்தென்று ஒரு ரப்பர் பட்டை இருக்கும். ஒரு குண்டூசியை அதன் அருகே கொண்டு போங்கள். ஒட்டும்! ரப்பருக்கு உள்ளே நீளமான காந்தப் பட்டை வைத்திருக்கிறார்கள். ஆக, நாம் காந்தம் ஒட்டுவதற்கு முன்பே பிரிஜ் கதவில் காந்தம் இருக்கிறது.

அது வந்த கதை வேடிக்கையானது அல்ல. அந்தக் காலத்து பிரிஜ்களில் கதவுக்கு வெளியே இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. மூடினால் 'டக்' என்று விழுந்து பூட்டிக் கொள்ளும். உள்ளே இருந்து திறக்க வழியே இல்லை. அமெரிக்காவில் பழைய பிரிஜ்களைக் கொல்லைப்புறத்தில் போட்டு வைப்பார்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தைகள் அதற்குள் போய் ஒளிந்து கொள்வார்கள். கதவு பூட்டிக் கொள்ளும். உள்ளே காற்று கொஞ்சம்தான் இருக்கும். கத்தினாலும் வெளியே கேட்காது. இப்படிப் பல குழந்தைகள் இறந்து போனார்கள். 1956ல் அமெரிக்க அரசு இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. 1958 அக்டோபர் 30க்குப் பிறகு தயாராகும் வீட்டு பிரிஜ் எதுவானாலும் உள்ளே இருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தாழ்ப்பாளுக்குப் பதில் காந்தப் பட்டை வந்தது இப்படித்தான். காந்தம் கதவை மூடி வைக்கும். உள்ளே இருந்து ஒரு குழந்தை தள்ளினாலும் விட்டுக் கொடுக்கும்.

அதற்காகப் பழைய பிரிஜுக்குள் புகுந்து பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெளியே எதையாவது சாய்த்து வைத்திருந்தால் காந்தக் கதவும் திறக்காது.

உங்கள் வீட்டு பிரிஜில் நம் கட்டை ஒட்டுமா? வண்ணம் பூசிய இரும்புத் தகட்டுக் கதவு என்றால் ஒட்டும். கண்ணாடிக் கதவில் ஒட்டாது. எவர்சில்வர் போலப் பளபளக்கும் கதவில் ஒட்டினாலும் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். சமையலறையில் சோதித்துப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளர்களில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் இண்டக் ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் 'டபக்' என்று ஒட்டும். எவர்சில்வரில் இரும்புதானே அதிகம், பிறகு ஏன் ஒட்டவில்லை என்று கேட்பீர்கள். இரும்போடு குரோமியத்தையும் நிக்கலையும் கலக்கும்போது இரும்பு அணுக்கள் அடுக்கி நிற்கும் முறை மாறி விடுகிறது. அதனால் காந்தத்துக்கு அது மசிவதில்லை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தனி நிக்கலைக் காந்தம் இழுக்கும்! இரும்பையும் இழுக்கும், நிக்கலையும் இழுக்கும். இரண்டும் சரியான அளவில் சேர்ந்து எவர்சில்வர் ஆனால் இழுக்காது.

பிரிஜ் கதவில் காந்தம் ஒட்டினால் கரண்ட் பில் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னக் காந்தத்தின் இழுப்பு சில சென்டிமீட்டர் தூரத்திலேயே ஏறக்குறைய தீர்ந்து விடும். பிரிஜின் மோட்டாரை அது ஒன்றும் செய்யாது.

எந்தக் காந்தம் வாங்குவது?

காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தண்ணீர் கேன் போடுகிறவர், பீட்சா கடை, டியூஷன் சென்டர் எல்லோரும் விளம்பரத்துக்கு மெல்லிய காந்தத் தகடு கொடுக்கிறார்கள். கத்தரிக்கோலால் வெட்டலாம். பிரிஜ் பழுது பார்க்கும் கடையில் கேட்டால் கழற்றிப் போட்ட ரப்பர் பட்டை கிடைக்கும். அதைக் கீறினால் உள்ளே இருந்து நீளமான காந்தப் பட்டை உருவிக் கொண்டு வரும். இது விளம்பரத் தகட்டை விடக் கனமானது, பிடிப்பும் கூடுதல். இன்னொரு வகை, கறுப்பு நிறத்தில் பொத்தான் போன்ற வட்டு. ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும்.

இந்த மூன்றும் ஒரே குடும்பம். பெயர் ஃபெரைட். 1930ல் ஜப்பானில் யோகோரோ காட்டோ, தாகேஷி தாகேய் என்ற இருவர் ஃபெரைட்டைக் கண்டறிந்தார்கள். இன்றைய கறுப்பு வட்டுக் காந்தம் 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் உருவான வகை. எதில் செய்கிறார்கள் தெரியுமா? இரும்பு ஆக்சைடில்! அதாவது துருவுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரரில். அதனோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் சேர்த்துச் சூளையில் சுட்டால் கறுப்பு வட்டு. அதையே பொடியாக்கி ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்தால் வளையும் தகடு.

விளம்பரத் தகட்டை வைத்து ஒரு வித்தை செய்யலாம். இரண்டு தகடுகளை எடுத்து, படம் இல்லாத பழுப்புப் பக்கங்களைச் சேர்த்து வைத்து, ஒன்றின் மேல் ஒன்றை மெல்ல இழுங்கள். ஒரு திசையில் வழுக்கிக் கொண்டு போகும். தகட்டைத் திருப்பி மறு திசையில் இழுத்தால் 'டிர்ர்' என்று படிப்படியாகத் தாவும். காரணம், அதில் வடதுருவமும் தென்துருவமும் வரிக்குதிரையின் கோடுகள் போல மாறி மாறி இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோடுகளைக் கை உணர்கிறது. பார்க்கவும் ஆசையா? காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் தெரு மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டும். அவற்றை உதிர்த்து ஒரு தாளில் சேர்த்து, தாளுக்கு அடியில் தகட்டை வைத்துத் தட்டினால், துகள்கள் வரி வரியாகப் போய் உட்காரும். இந்தத் தகடு ஒரு பக்கம் மட்டும் நன்றாக ஒட்டி, படம் உள்ள பக்கம் சரியாக ஒட்டாததற்கும் அந்தக் கோடுகளை அமைக்கும் விதம்தான் காரணம்.

நான்காவது வகை ஒன்று உண்டு. வெள்ளி போலப் பளபளக்கும் நியோடிமியம் காந்தம். 1980களின் முதல் பாதியில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே உருவாக்கியது. மிளகு அளவு இருந்தாலும் பலம் அபாரம். ஆனால் நம் வேலைக்கு அது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

சின்னக் குழந்தைகள் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும். ஒரு பொத்தானையோ நாணயத்தையோ விழுங்கினால் பல சமயம் அது தானாக வெளியே வந்து விடும். காந்தம் அப்படி அல்ல. இரண்டு காந்தங்கள் முன்னும் பின்னுமாகக் குடலுக்குள் போனால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் வேறு மடிப்பில் மற்றொன்றும் இருந்து கொண்டு ஒன்றை ஒன்று இழுக்கும். நடுவில் குடலின் சுவர் நசுங்கிக் கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று அந்த இடத்தில் ஓட்டை விழும். வெளியே பார்த்தால் சாதாரண வயிற்று வலி, வாந்தி போலத்தான் தெரியும். 2005ல் அமெரிக்காவில், கட்டடம் கட்டும் பொம்மை ஒன்றில் இருந்து கழன்று விழுந்த காந்தங்களை விழுங்கிய சின்னக் குழந்தை ஒன்று இப்படி இறந்து போனது. அடுத்த ஆண்டு அந்தப் பொம்மைகளைத் திரும்பப் பெற்றார்கள்.

அதனால் நம் காந்தம் பலம் குறைந்த ஃபெரைட்டாக இருக்கட்டும். கட்டையில் இருந்து கழலாதபடி ஒட்ட வேண்டும். ஒட்டியபின் வாரத்துக்கு ஒரு முறை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஆடினால் உடனே கதவில் இருந்து எடுத்து விடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கதவின் மேல்பாதியில் மட்டும் ஒட்டுங்கள். கட்டைகளும் வாய்க்குள் போகும் அளவுதானே? யாராவது காந்தத்தை விழுங்கி விட்டதாகச் சந்தேகம் வந்தால் வலி வரும்வரை காத்திராமல் உடனே பெரியவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'காந்தம்' என்ற சொல்லை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது. திட்டு விழும் என்று பயந்து மறைக்கவே கூடாது. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருந்தால், காந்தத்தை அவர்கள் நெஞ்சின் அருகே கொண்டு போக வேண்டாம். ஏ.டி.எம். கார்டையும் காந்தத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

வேலையை ஆரம்பிப்போம்

எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று, காந்தத் தகடு, உப்புத்தாள், ஒரு பாக்கெட் எம்-சீல், பழைய இரும்பு டின்னின் மூடி, பாலித்தீன் பை. கூடவே பெரியவர் ஒருவர். ஒட்டும் வேலை அவருடையது, மேஸ்திரி நீங்கள்.

எந்தப் பசை என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளைப் பசையான ஃபெவிகால் மரத்துக்கும் காகிதத்துக்கும் அருமையானது. அவை பசையின் நீரை உறிஞ்சிக் கொள்ளும். பிளாஸ்டிக்கும் காந்தமும் நீரை உறிஞ்சாது. அதனால் காய்ந்ததும் தோல் போல உரிந்து வரும். ஃபெவிக்விக் நொடியில் ஒட்டும், ஆனால் விரலையும் சேர்த்து ஒட்டும். கதவில் இருந்து கீழே விழுந்தால் 'படக்' என்று விட்டுப் போகும். எம்-சீல், அரால்டைட் போன்ற, இரண்டைக் கலந்து ஒட்டும் பசைகளே சரி. குழாய் ஒழுகினால் பிளம்பர் பிசைந்து அப்புவாரே, அதுதான் எம்-சீல்.

முதலில் கட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். விளையாடிய கையின் எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது. அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். கட்டையின் பிளாஸ்டிக் அதில் கரைந்து கொழகொழ ஆகிவிடும். காய்ந்ததும் கட்டையின் அடி விளிம்பையும் உட்சுவரையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். தகட்டில் படம் உள்ள பக்கத்தையும் தேய்க்க வேண்டும். அதுதான் கட்டையைப் பார்த்து ஒட்டும் பக்கம். பழுப்புப் பக்கம் வெளியே, கதவைப் பார்த்து.

தகட்டைக் கட்டையின் அடியை விட ஒரு நூல் சிறியதாக வெட்டுங்கள். எட்டுக் குமிழ்க் கட்டைக்கு 30 மில்லிமீட்டர் நீளம், 14 மில்லிமீட்டர் அகலம் போதும்.

அடிக்குழி முழுவதையும் எம்-சீலால் நிரப்பினால் கட்டை கனத்து விடும். காந்தம் பாவம், அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். எனவே செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கசக்கி, குழல்களைச் சுற்றி முக்கால் குழிக்கு அடையுங்கள். பெரியவர் கையில் பாலித்தீன் பையை மாட்டிக் கொண்டு, எம்-சீலின் இரண்டு நிறக் கட்டிகளையும் சம அளவு எடுத்துப் பிசைய வேண்டும். கோடு தெரியாமல் ஒரே நிறமாகும் வரை பிசைவது முக்கியம்; அரைகுறையாகக் கலந்தால் நாள் கணக்கானாலும் இறுகாது. அதை மீதிக் குழியில் அப்பி, விளிம்போடு சமமாகத் தடவி, மேலே தகட்டை வைத்து அழுத்துங்கள். கை கழுவிக் கொள்ளுங்கள்.

இப்போது டின் மூடி. அதன் மேல் பாலித்தீன் பையை விரித்து, கட்டையைக் காந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து விடுங்கள். காந்தம் இரும்பு மூடியை இழுக்கும். அந்த இழுப்பிலேயே தகடு ஒரே மட்டமாகப் படிந்து கொள்ளும். பாலித்தீனில் எம்-சீல் ஒட்டாது என்பதால் மறுநாள் எடுக்கும்போது சுலபமாக வரும்.

சின்னக் குழந்தைகளுக்கான பெரிய சைஸ் கட்டைகள் இருந்தால் கறுப்பு வட்டைப் பயன்படுத்தலாம். குழிக்குள் வட்டு அடங்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றிலும் எம்-சீல் கொடுத்துப் புதைத்து, வட்டின் முகம் மட்டும் விளிம்புக்குச் சமமாகத் தெரியும்படி விட வேண்டும். உள்ளே ஒரு மில்லிமீட்டர் புதைந்து போனாலும் பலம் வெகுவாகக் குறைந்து விடும். பெரிய தட்டை ஒன்று வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். விளம்பரத் தகட்டை முழுசாகவே அதன் முதுகில் ஒட்டி விடலாம். பரப்பு அதிகமானால் பிடிப்பும் அதிகம்.

காந்தக் கட்டையின் மேல் செருகும் மற்ற கட்டைகளுக்குப் பசையே வேண்டாம். மாற்றி மாற்றிக் கட்டுவதுதானே விளையாட்டு!

காயும் வரை ஒரு கணக்கு

எம்-சீல் முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். சும்மா சும்மா தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதற்காகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

ஒரே நிறத்தில் இரண்டு எட்டுக் குமிழ்க் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றை எத்தனை விதமாகச் செருகலாம்? பத்து என்பார்கள் சிலர். செய்து பார்ப்போம். மேல்கட்டையைக் கீழ்க்கட்டைக்கு இணையாக வைத்தால் நீளவாக்கில் 7 இடம், அகலவாக்கில் 3 இடம், மொத்தம் 21. குறுக்காக வைத்தால் 5 இடம் இப்படி, 5 இடம் அப்படி, மொத்தம் 25. கூட்டினால் 46. ஆனால் பொறுங்கள்! கட்டியதை அப்படியே மேசை மேல் அரைச் சுற்றுத் திருப்பினால், வேறொன்றாக எண்ணியது இதுவேதான் என்று தெரியும். இப்படி 44 வகைகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து 22 ஆகிவிடும். நட்ட நடுவில் செருகிய இரண்டு மட்டும் எப்படித் திருப்பினாலும் தானாகவே நிற்கும். ஆக 24.

மூன்று கட்டைகள் என்றால் 1,060 வகை. ஆறு கட்டைகள் என்றால்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கம்ப்யூட்டர் உதவியோடு எண்ணிப் பார்த்துச் சொன்னார்: 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765! நொடிக்கு ஒன்று வீதம் ராப்பகலாகச் செருகினாலும் 29 ஆண்டுகள் ஆகும். பாதித் தொலைந்து போன டப்பா என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

எவ்வளவு தாங்கும்?

மறுநாள் காந்தக் கட்டையைக் கதவில் ஒட்டுங்கள். குமிழ்கள் உங்களைப் பார்த்து நிற்கும். கதவுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டு வையுங்கள். நிற்கிறதா? இரண்டு வையுங்கள், மூன்று வையுங்கள். எத்தனையாவது காகிதத்தில் வழுக்குகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய இடைவெளி கூடக் காந்தத்துக்குப் பெரிய தூரம்தான். வரிக்கோட்டுத் தகடு கொஞ்சம் தாள்களிலேயே களைத்துப் போகும். அதன் இழுப்பு பக்கத்திலேயே தீர்ந்து விடும் வகை. கறுப்பு வட்டு கூடுதல் தாள்களைத் தாங்கும்.

கட்டை பிரிந்து விழுவது வேறு, வழுக்கி இறங்குவது வேறு. பிரிந்து விழுந்தால் காந்தத்தின் பலம் போதவில்லை. ஒட்டிக் கொண்டே சறுக்கினால் உராய்வு போதவில்லை; பளபளப்பான கதவில் இதுதான் அடிக்கடி நடக்கும். பஞ்சர் கடையில் சைக்கிள் டியூப் துண்டு வாங்கி, பட்டாணி அளவில் இரண்டு பொட்டு வெட்டிக் காந்தத்தின் இரு ஓரங்களில் ஒட்டிப் பாருங்கள். சறுக்கல் நிற்கும். தடித்த ரப்பர் போட்டால் கதவுக்கும் காந்தத்துக்கும் தூரம் கூடி, பிடிப்பே போய்விடும். இருப்பதிலேயே மெல்லிய டியூப்பாகக் கேளுங்கள்.

கதவில் இருந்து வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் கோபுரம் கட்டாதீர்கள். மேலே கட்டக் கட்ட, நெம்புகோல் போல அது காந்தத்தின் மேல் விளிம்பைப் பெயர்த்து விடும். அகலமாக, தட்டையாகக் கட்டினால் நிற்கும். கோட்டைச் சுவர், பஸ், மீன், எழுத்துகள் எல்லாம் அழகாக வரும்.

செய்து முடித்த பின் சும்மா அழகுக்கு மட்டும் என்று விட வேண்டியதில்லை. பாட்டி மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்று தினம் ஒரு குழப்பம் வருமே, அதற்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று காந்தக் கட்டைகளை வரிசையாக ஒட்டுங்கள். மாத்திரை போட்டதும் பாட்டி ஒரு பச்சைக் கட்டையை அதன் மேல் செருக வேண்டும். இரவு படுக்கும் முன் நீங்கள் மூன்றையும் கழற்றி வைத்து விடலாம்.

இன்னொன்று, மேல்தொட்டிக்கு மோட்டார் போடும் வீடுகளுக்கு. சுவிட்சுக்குப் பக்கத்தில் பிரிஜோ பீரோவோ இருந்தால் அங்கே ஒரு காந்தக் கட்டை. மோட்டார் போடுகிறவர் அதில் சிவப்புக் கட்டையைச் செருக வேண்டும்; நிறுத்தியதும் எடுக்க வேண்டும். அப்புறமும் தொட்டி நிரம்பி வழிந்தால், சிவப்பு மேலே இருக்கிறதா என்று அப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.